பழைய உடம்பு, புது இதயம்: கோவென்ட்ரியின் கராஜ் கார்கள்!

இங்கிலாந்தில் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன. ஷோரூமில் புதிதாக வாங்கலாம். யாரோ ஓட்டியதை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். மூன்றாவது வழி நமக்குக் கொஞ்சம் விநோதமாகத் தோன்றும். சேஸிஸையும் பாடி பாகங்களையும் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, எஞ்சினை வேறொரு காரிலிருந்து கழற்றியெடுத்து, வீட்டு கராஜிலேயே ஒரு காரைக் கட்டிவிடலாம். கட்டி முடித்து அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் காட்டினால், சோதித்துப் பார்த்து நம்பர் கொடுப்பார்கள். பிறகு சாலையில் ஓட்டலாம், சட்டப்படியே!

இப்படிக் கட்டும் காருக்கு 'கிட் கார்' என்று பெயர். பேரக்குழந்தை பிறந்ததை ஒட்டி, மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க கோவென்ட்ரிக்குப் போயிருந்தேன். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டையும் வார்விக் கோட்டையையும் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் என் திட்டம். இரண்டையும் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு கராஜைப் பற்றித்தான்.

சைக்கிளில் தொடங்கிய ஊர்

கோவென்ட்ரியை இங்கிலாந்தின் கோயம்புத்தூர் என்று சொன்னால் தப்பில்லை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரும்பைத் தொட்டு வாழ்ந்த குடும்பம் ஒன்றாவது இருக்கும். இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கு வடிவம் கொடுத்த 'ரோவர் சேஃப்டி' சைக்கிள் 1885-ல் இந்த ஊரில்தான் உருவானது. 1890-களில் டெய்ம்லர் கம்பெனி இங்கே கார் செய்யத் தொடங்கியது. அதன்பின் ஸ்டாண்டர்டு, ட்ரையம்ஃப், ஜாகுவார் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. அதனாலேயே 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மன் விமானங்கள் இந்த ஊரைக் குறிவைத்துக் குண்டு போட்டன. அன்று எரிந்த தேவாலயத்தின் மொட்டைச் சுவர்களை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் புது தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். கூரை இல்லாத அந்தப் பழைய தேவாலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், நேராக வானம் தெரிகிறது. பேச்சே வரவில்லை.

குண்டுக்குத் தப்பிய தொழிற்சாலைகள் பின்னாளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபின் கான்லி ஆலையில் 1980-ல் கார் உற்பத்தி நின்றது. ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் 2005-ல் நின்றது. ரைட்டனில் இருந்த பெஜோ ஆலை 2006-ன் கடைசியில் மூடப்பட்டது. லண்டனின் கறுப்பு டாக்ஸி இன்றும் ஊருக்கு வெளியே ஆன்ஸ்டியில் தயாராகிறது என்றாலும், பழைய ஆலை இடங்கள் பலவற்றில் இப்போது குடியிருப்புகளும் கிடங்குகளும்தான்.

ஆலை மூடினாலும் கைக்குப் பழகிய தொழில் போய்விடுமா? வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கராஜ்களுக்குள் அது குடியேறிவிட்டது.

ஹெரால்டு சொன்ன அறிமுகம்

பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கப்போகும்போது அந்த கராஜின் ஷட்டர் பாதி திறந்திருக்கும். உள்ளே ஒரு பெரியவர். வயது 74. மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். முதல் வாரம் 'குட் மார்னிங்' மட்டும்தான். இரண்டாவது வாரம், எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மெட்ராஸா? எங்க ஹெரால்டை அங்கேயும் செஞ்சாங்களே!"

உண்மைதான். மெட்ராஸில் யூனியன் கம்பெனியும் கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் சேர்ந்து 1948-ல் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ். வண்டலூர் பக்கம் இருந்த அந்த ஆலையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' தயாரானது. என் சிறுவயதில் எங்கள் தெரு டாக்டர் வைத்திருந்த கார் அது. பானெட் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்பக்கமாக முதலை வாய் பிளப்பதுபோலத் திறக்கும். நாங்கள் அதைப் பார்க்கவே கூட்டம் கூடுவோம்.

பெரியவர் 16 வயதில் கான்லி ஆலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தவர். அந்த முதலை வாய் பானெட்டுகளைப் பொருத்தியவர். அன்றிலிருந்து எனக்கு கராஜுக்குள் ஒரு ஸ்டூல் கிடைத்தது.

ஸ்டூலுக்கு எதிரே, தார்ப்பாயை விலக்கினால், ஒரு காரின் எலும்புக்கூடு. ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய சேஸிஸ். 1997-ல் கிட்டாக வாங்கியது. வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று நாள் ஓடியதில், 25 வருடம் தார்ப்பாய்க்குள்ளேயே தூங்கியிருக்கிறது.

வரிக்குப் பயந்து பிறந்த கார்

இந்த எலும்புக்கூட்டின் பூர்வீகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். காலின் சாப்மன் என்ற இளைஞர் 1948-ல், தன் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில், பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து ஒரு ரேஸ் காரைக் கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். பிறகு வடக்கு லண்டனின் ஹார்ன்சியில், அப்பா நடத்திய மதுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தில் கம்பெனி நடந்தது. 1957-ல் 'லோட்டஸ் செவன்' வந்தது. கதவு கிடையாது, சொகுசும் கிடையாது, எடை மட்டும் ரொம்பக் குறைவு.

அப்போது பிரிட்டனில் முழு காராக வாங்கினால் 'பர்சேஸ் டாக்ஸ்' என்ற பெரிய வரி உண்டு. பாகங்களாகப் பெட்டியில் வாங்கினால் கிடையாது. அதனால் பலரும் செவனைப் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டினார்கள். பூட்டுவது எப்படி என்ற குறிப்பைப் பெட்டிக்குள் வைத்தால் வரி விழுமாம். அதனால் காரைக் கழற்றுவது எப்படி என்று குறிப்பு எழுதி வைத்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் படித்துப் பூட்டிக்கொண்டார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது!

1973-ல் பர்சேஸ் டாக்ஸ் போய் வாட் வரி வந்தது. பெட்டியில் வாங்குவதால் கிடைத்த லாபம் போய்விட்டது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை, சர்ரேயில் இருந்த கேட்டர்ஹாம் கார்ஸுக்குக் கைமாறியது. ஆனால் வீட்டில் கார் கட்டும் பழக்கம் மட்டும் விடவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்றே ஒரு புத்தகம் எழுதினார். குழாய் வாங்கி, அளவு பார்த்து வெட்டி, சேஸிஸையும் நீங்களே வெல்டிங் செய்யலாம் என்று சொன்ன புத்தகம் அது. அதைப் படித்துவிட்டு வெல்டிங் மெஷின் வாங்கியவர்கள் ஏராளம்.

செவனின் உடம்பு அன்றிலிருந்து இன்றுவரை கிட்டத்தட்ட அதேதான். மாறிக்கொண்டே வந்தது இதயம். முதல் செவனில் 1,172 சிசி ஃபோர்டு எஞ்சின், 40 குதிரைச் சக்தி. அடுத்து கோவென்ட்ரி க்ளைமாக்ஸ் எஞ்சின். தீயணைப்புப் படையினர் கையில் தூக்கிப்போகும் தண்ணீர் பம்ப்புக்காகச் செய்த எஞ்சினின் வம்சம் அது! பிறகு ரோவர், வாக்ஸ்ஹால், ஃபோர்டு என்று எத்தனையோ. நம் மாருதியின் சொந்தக்காரரான சுசுகியின் 660 சிசி குட்டி எஞ்சினைக்கூட ஒரு கேட்டர்ஹாமில் வைத்திருக்கிறார்கள்.

எந்த எஞ்சின்? தாத்தாவா, பேத்தியா?

கராஜில் ஒரு மூலையில் ஸ்டாண்டில் நின்றிருந்தது ஃபோர்டு 'பின்டோ' எஞ்சின். இரண்டு லிட்டர், முழு இரும்பு. 1970-களிலும் 80-களிலும் கோர்டினா, சியரா கார்களில் ஓடியது. அதற்குப் பெரியவர் இரட்டை வெபர் கார்பரேட்டர் போட்டுவைத்திருந்தார். தொட்டுத் தொட்டுத் துடைத்த பளபளப்பு.

இன்னொரு மூலையில், பின்பக்கம் நசுங்கிய மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்று. 2007-ல் தயாரானது. இரண்டு லிட்டர் அலுமினிய எஞ்சின், 160 குதிரைச் சக்தி. அதை வாங்கிவந்தது பேத்தி. வயது 20. பக்கத்து ஊர் இன்ஜினீயரிங் நிறுவனம் ஒன்றில் அப்ரென்டிஸ். சனி, ஞாயிறு ஆனால் தாத்தா வீட்டு கராஜில்தான் இருப்பாள்.

இரண்டு பேருக்கும் இடையே பெரிய பஞ்சாயத்து. சட்டத்தைப் பார்த்தால் தாத்தா பக்கம்தான் நியாயம். கிட் காருக்கான அரசுச் சோதனைக்கு 'ஐ.வி.ஏ' என்று பெயர். 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் புகை விதி, எஞ்சின் எந்தக் காலத்தில் தயாரானதோ அந்தக் காலத்துக்கு உரியது. பின்டோ போன்ற பழைய எஞ்சினுக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை போகலாம். 2007 எஞ்சின் என்றால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம். கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்தில் சிறு பங்குதான் இருக்கலாம். காற்றும் பெட்ரோலும் எரியும் விகிதத்தைக் காட்டும் 'லாம்டா' என்ற எண் 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நூலில் நடப்பது மாதிரி.

"சுலபமான வழி இருக்கும்போது எதுக்கும்மா கஷ்டமான வழி?" என்றார் தாத்தா.

பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "தாத்தா, அந்த கார்பரேட்டரை ட்யூன் பண்ண இந்தத் தெருவுலயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். இந்த காரை நான் நாற்பது வருஷம் ஓட்டணும்."

பெரியவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மூட்டுவலியால் விரல்கள் வளைந்திருந்தன. வெபரின் சின்ன ஜெட்டுகளைப் பிடிக்க இப்போதே கஷ்டப்படுகிறார் என்பது எனக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது பின்டோ எஞ்சின் பின்சுவர் ஓரமாக நகர்ந்திருந்தது. சேஸிஸுக்கு மேலே, செயின் பிளாக்கில், மாஸ்டா எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது.

இறக்கி வைத்தால் உட்கார்ந்துவிடுமா?

எஞ்சின் மாற்றுவது என்றால் பழசைத் தூக்கிவிட்டுப் புதுசை வைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் சிக்கல்!

முதல் கேள்வி, எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும், முன்சக்கரங்களைச் சுழற்றும். செவன் வகை காருக்கு எஞ்சின் நீளவாட்டில் நிற்க வேண்டும், பின்சக்கரங்களைச் சுழற்ற வேண்டும். குறுக்குவாட்டு எஞ்சினைத் திருப்பி வைத்தால் அதற்குத் தோதான கியர்பாக்ஸ் தேட வேண்டும், இரண்டையும் இணைக்கும் பெல் ஹவுஸிங் தேட வேண்டும், கூலன்ட் குழாய் டாஷ்போர்டுச் சுவரில் இடிக்கும். எம்.எக்ஸ்-5 மட்டும் பிறவியிலேயே நீளவாட்டு எஞ்சின், பின்சக்கர ஓட்டம். கியர்பாக்ஸும் கூடவே வருகிறது. 1989-ல் வந்து, 2016-ல் பத்து லட்சமாவது காரைத் தொட்ட வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. பாடி துருப்பிடித்து, எஞ்சின் நன்றாக இருக்கும் பழைய எம்.எக்ஸ்-5 சல்லிசாகக் கிடைக்கும். கிட் கார் கட்டுபவர்கள் அதைத் தேடி அலைவது இதனால்தான்.

இரண்டாவது, கியர்பாக்ஸின் வால். மாஸ்டாவில் கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட சட்டம் இணைத்துப் பிடித்திருக்கும். கியர்பாக்ஸுக்கென்று பின்னால் தனி மவுன்ட் கிடையாது. அந்தச் சட்டம் இந்தச் சேஸிஸில் நுழையாது. ஆகவே கியர்பாக்ஸைத் தாங்க ஒரு பிராக்கெட்டைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தார்கள், பிறகு பிளைவுட்டில், கடைசியில்தான் இரும்பில். பின்டோவுக்கான ஒல்லி கியர்பாக்ஸுக்காகக் கட்டிய நடுச் சுரங்கம் மாஸ்டாவுக்குப் போதவில்லை. இரண்டு குழாய்களை அறுத்து, அகலமாக்கி, மறுபடி வெல்டிங். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை அளவு கொடுத்துத் தனியாகச் செய்துவாங்கினார்கள்.

மூன்றாவது, எஞ்சினின் அடிவயிறு. ஆயில் தேங்கும் 'சம்ப்' மாஸ்டாவில் ஆழமானது. செவனோ தரையை ஒட்டி ஓடும் கார். அப்படியே வைத்தால் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே சம்ப் உடையும். அதனால் ஆழத்தைக் குறைத்து, பக்கவாட்டில் அகலமாக்கி, உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்த சம்ப்பாக மாற்றினார்கள். தடுப்பு எதற்கு? வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். ஓடும் பஸ்ஸில் குடத்துத் தண்ணீர் அலம்புவதை நினைத்துக்கொண்டால் புரியும்.

நான்காவது, பெட்ரோல். கார்பரேட்டருக்கு லேசான அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்குப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். பம்ப், குழாய், இணைப்பு எல்லாமே மாற வேண்டும்.

ஐந்தாவதுதான் பெரிய பூதம், வயரிங். பின்டோவுக்கு நாலைந்து வயர் போதும். மாஸ்டாவிலோ ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிளே கிடையாது. பெடல் ஒரு சிக்னல் அனுப்பும், இ.சி.யு என்ற கம்ப்யூட்டர் யோசித்துத் திறக்கும். சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் தெரிந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆகவே எஞ்சின், கம்ப்யூட்டர், பெடல், சாவி எல்லாமே ஒரே குடும்பமாகக் குடிவர வேண்டும். ஏர்பேக், பவர் விண்டோ, ஏ.சி என்று தேவையில்லாத வயர்களை மட்டும் உருவியெடுக்கலாம். அந்த வயர்க் கட்டை வீட்டு ஹாலில் விரித்து, ஒவ்வொன்றுக்கும் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டினாள் பேத்தி. மூன்று வாரம் ஹாலில் யாரும் நடமாட முடியவில்லை. "கல்யாண வீட்டுல பூ கட்டுற மாதிரி இருக்கு" என்று நான் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். பாட்டி சிரித்தபடியே, "பூவா இருந்தா வாசனையாவது வரும்" என்றார்.

ஸ்டோன்லீ திருவிழா

மே மாத முதல் திங்கள் அங்கே அரசு விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் கோவென்ட்ரிக்குப் பக்கத்திலேயே ஸ்டோன்லீ பூங்காவில் கிட் கார் திருவிழா நடக்கிறது. பல ஆண்டுகள் மாடும் ஆடும் அணிவகுத்த ராயல் விவசாயக் கண்காட்சி நடந்த மைதானம் அது. இப்போது அங்கே வரிசை வரிசையாக வீட்டில் கட்டிய கார்கள்.

எல்லா காரும் பானெட்டைத் திறந்துவைத்துத்தான் நிற்கிறது. பெயின்ட்டை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சினைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். ஒன்றில் மோட்டார் சைக்கிள் எஞ்சின், இன்னொன்றில் அமெரிக்க வி-8. 'ரேடியேட்டர் எங்கிருந்து எடுத்தீங்க?', 'ஸ்டீயரிங் ராடுக்கும் எக்ஸாஸ்டுக்கும் இடைவெளி எப்படி விட்டீங்க?' என்று கேட்டால் முன்பின் தெரியாதவர்கூட அரைமணி நேரம் நின்று விளக்குகிறார். நம் ஊரில் சமையல் குறிப்புப் பரிமாறிக்கொள்வதைப் போலத்தான். எங்கள் பெரியவர் அங்கே வாங்கியது ஒரு எக்ஸாஸ்ட் இணைப்பும், ஒரு டப்பா போல்ட்டும், எனக்கு ஒரு ஐஸ்க்ரீமும்.

வாசகர்கள் சிலர் கேட்கலாம், நம் ஊரில் இது முடியுமா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே இப்படிக் கட்டிய காரைச் சாலையில் பதிவு செய்வது குதிரைக்கொம்பு. ஆனால் ரேஸ் டிராக்கில் நாமும் செய்தவர்கள்தான். கோவையின் கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டி, குறைந்த செலவில் இளைஞர்களை ரேஸ் ஓட்டவைத்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு. வண்டலூர் ஆலை 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. பாடி, அன்றைய நவீன ரோவர். எஞ்சினோ, பழைய வேன்கார்டு காலத்து வம்சம். ஆடம்பர உடம்புக்குள் கிழட்டு இதயம். சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. இதைச் சொன்னபோது பெரியவர், "தெரியும். அதனாலதான் பேத்தி பேச்சைக் கேட்டேன்" என்றார்.

சோப்புத் தண்ணீர் வைத்தியம்

ஜூலையில் எஞ்சின் முதல்முறையாக ஸ்டார்ட் ஆனது. தெருவே வந்து கைதட்டியது. ஆனால் ஐ.வி.ஏ-வுக்கு முன் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் புகையைச் சோதித்தபோது, லாம்டா 1.06. எல்லை 1.03. அதாவது, எக்ஸாஸ்டில் காற்று அதிகம்.

பேத்தி லேப்டாப்பை இணைத்துப் பார்த்தாள். எல்லாமே சரியாக இருந்தது. சென்சார் சரி, இ.சி.யு சரி, இன்ஜெக்டர் சரி. இரண்டு சனிக்கிழமை போனது. சோதனைத் தேதியோ நெருங்கியது. "பின்டோவையே வெச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும், இல்ல?" என்று அவளே கேட்டுவிட்டாள். தாத்தா பதில் சொல்லவில்லை. பழைய வேக்குவம் க்ளீனர் ஒன்றைத் தேடியெடுத்து வந்தார்.

அதன் ஊதும் பக்கத்தில் குழாயை மாட்டி, எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, எக்ஸாஸ்டின் வாய்க்குள் காற்றை ஊதினார். ஒரு பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவச் சொன்னார். நம் ஊர் சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்போமே, அதே வித்தைதான்! ஸ்டோன்லீயில் வாங்கிய இணைப்பின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சின்னச் சின்னக் குமிழ்கள்.

விஷயம் இதுதான். எஞ்சினின் சென்சார், அந்த இணைப்புக்கு முன்னால் இருக்கிறது. ஓட்டை அதற்குப் பின்னால். ஓடும்போது அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து, கடைசியில் அளக்கும் மெஷினை ஏமாற்றியிருக்கிறது. சென்சாருக்குத் தெரியாததை லேப்டாப் எப்படிச் சொல்லும்? இணைப்பைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கிப் பூட்டினார்கள். அவர் சொல்லச் சொல்ல, போல்ட்டை முடுக்கியதெல்லாம் அவள்தான். மறுநாள் லாம்டா 1.00.

சோதனை நாள்

ஆகஸ்டில் காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு சோதனைக்குப் போனார்கள். கிட்டத்தட்ட அரை நாள் பார்த்தார்களாம். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, கண்ணாடி, சத்தம், புகை, சீட் பெல்ட் மாட்டிய இடம். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. வெளிப்பக்கத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து எங்கெல்லாம் தொடுமோ, அங்கெல்லாம் விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். காரில் அடிபடும் மனிதரைக் கூர்மையான எதுவும் கிழித்துவிடக்கூடாது என்பதற்காக.

மாலை ட்ரெய்லர் திரும்பியபோது ரிசல்ட் 'ஃபெயில்'. என் மனசு திக்கென்றது. பேத்தி சிரித்துக்கொண்டே காகிதத்தைக் காட்டினாள். இரண்டே காரணம். முன் சஸ்பென்ஷனில் ஒரு நட்டுக்கு பிளாஸ்டிக் மூடி இல்லை. ஒரு பக்கக் கண்ணாடியின் பார்வைக் கோணம் போதவில்லை. புகை? முதல் முயற்சியிலேயே பாஸ். எல்லோரும் பயந்த கஷ்டமான வழி சுலபமாகத் தாண்டிப்போனது, ஒரு சின்ன மூடிதான் காலை வாரியது.

இரண்டு வாரம் கழித்து மறுசோதனையில் பாஸ். சேஸிஸ் ஒரு காலம், டிஃபரன்ஷியல் இன்னொரு காரிலிருந்து, எஞ்சின் வேறொன்றிலிருந்து என்பதால், அரசு கொடுத்த நம்பர் 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கியது. வண்டியின் வயதையோ பூர்வீகத்தையோ உறுதியாகச் சொல்ல முடியாத கார்களுக்குத் தரும் எழுத்து அது. சிலருக்கு அது பிடிக்காதாம், விற்கும்போது மதிப்புக் குறையும் என்பார்கள்.

"விற்கப்போறதில்லையே" என்றாள் பேத்தி.

நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, அவள் ஓட்ட, பெரியவர் பக்கத்தில் உட்கார, அந்த கார் முதல்முறையாகத் தெருவுக்கு வந்தது. எடை நம் பழைய மாருதி 800-ஐவிடக் குறைவு, சக்தி நான்கு மடங்கு. கெனில்வொர்த் சாலைவரை போய்விட்டு வந்தார்கள். இறங்கும்போது பெரியவருக்குக் கதவில்லாத காரிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைக்க முடியவில்லை. அவள் சுற்றிவந்து கைகொடுத்தாள். அவர் இறங்கி, கராஜுக்குள் போய், சுவர் ஓரம் நின்ற பின்டோ எஞ்சினின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினார்.

"அதை என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னொரு சேஸிஸ் பார்த்து வெச்சிருக்கா" என்று பேத்தியைக் கைகாட்டினார். "கார்பரேட்டரை எப்படி ட்யூன் பண்றதுன்னு கத்துக்கணுமாம்."